அமெரிக்காவில் வேலை அனுபவத்துக்குக் கல்லூரி கிரெடிட் வாங்குவது எப்படி?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு கடையின் கணக்கைப் பார்த்தவர், டிகிரி இல்லாததால் அடுத்த வேலைக்குப் போக முடியாமல், நாற்பது வயதைத் தாண்டிக் கல்லூரிக்கு வருகிறார். அவரை முதல் செமஸ்டரில் உட்காரவைத்துப் பற்று எது, வரவு எது என்று ஆரம்பிக்கிறோம். அவருக்கும் தண்டம், எங்களுக்கும் தண்டம். பட்டத்துக்குச் சேர்க்க வேண்டிய பாட அலகுதான் கிரெடிட்; ஒரு பாடத்துக்கு மூன்று. அதற்குக் கட்டணம், புத்தகச் செலவு, வாரத்தில் இரண்டு மாலை. ஏற்கெனவே தெரிந்ததைக் காட்டி அந்த மூன்று கிரெடிட்டை வகுப்பில் உட்காராமலேயே வாங்க அமெரிக்கக் கல்லூரிகளில் முறையான வழி இருக்கிறது. நம் ஆட்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும் பெரும்பாலும் தப்பாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

என் ஊர் கும்பகோணம். நியூஜெர்சியில் இரண்டு வருடப் படிப்பு தரும் ஒரு கம்யூனிட்டி காலேஜில் அக்கவுண்டிங் சொல்லிக்கொடுக்கும் பகுதிநேர ஆசிரியை நான். கணக்கு, அலுவலக நிர்வாகம் சம்பந்தமான போர்ட்ஃபோலியோக்கள், அதாவது தனக்குத் தெரிந்ததை ஒருவர் ஆதாரத்தோடு விளக்கித் தரும் தொகுப்புகள், வந்தால் படித்துப் பார்த்துக் கிரெடிட் கொடுக்கலாமா கூடாதா என்று எழுதிக்கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆக, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எதைத் தேடுகிறார் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிரயர் லேர்னிங் அசெஸ்மெண்ட் என்று பெயர், சுருக்கமாக பிஎல்ஏ. இப்போது பல கல்லூரிகள் கிரெடிட் ஃபார் பிரயர் லேர்னிங் என்று எழுதுகின்றன. கல்லூரியின் இணையதளத்தில் இந்த இரண்டு பெயரில் ஒன்றைப் போட்டுத் தேடினால் பக்கம் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்வாசலில் இருக்கும் அட்மிஷன் ஆட்களுக்குப் பல நேரம் இது தெரியாது.

வருடத்துக்கு இத்தனை என்று கிடையாது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஐடியில் இருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: “மூணு வருஷ வேலைக்கு ஒரு வருஷப் படிப்புன்னு கணக்கு இருக்கே மேடம், அப்போ எனக்குப் பதினஞ்சு வருஷத்துக்கு முழு டிகிரியே வந்துடுமே?” அந்தக் கணக்கு எச்-1பி விசாவுக்கானது. விண்ணப்பிப்பவரின் படிப்பும் அனுபவமும் ஒரு பட்டத்துக்குச் சமமா என்று குடியேற்றத் துறை எடைபோடும்போது, மூன்று வருட அனுபவத்தை ஒரு வருடக் கல்லூரிப் படிப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த விதி சொல்கிறது. எந்தக் கல்லூரியும் அந்தக் கணக்கின்படி கிரெடிட் கொடுக்காது. வக்கீல் ஆபீஸிலிருந்து வந்த “பட்டத்துக்குச் சமம்” என்ற கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும் எங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

கல்லூரிகளின் அடிப்படை விதி வேறு. 1974-ல் பிரின்ஸ்டனில், தேர்வு நடத்தும் ஈடிஎஸ் நிறுவனத்தின் ஒரு திட்டமாகத் தொடங்கி, பிறகு தனி அமைப்பான கேல்தான் இந்தத் துறைக்கு வரையறை எழுதியது. அதன் சாரம்: அனுபவத்துக்குக் கிரெடிட் இல்லை, அந்த அனுபவத்தில் கற்றதற்குத்தான் கிரெடிட், அதுவும் கல்லூரித் தரத்தில் இருக்க வேண்டும். ஒரே கவுண்டரில் இருபது வருடம் நின்றவருக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். மூன்றே வருடத்தில் கடையின் முழு நிர்வாகத்தையும் கற்றவருக்கு ஒன்பது கிரெடிட் கிடைக்கலாம். கேட்க அநியாயமாகத் தோன்றும். பழகிவிட்டால் இதுதான் நியாயம் என்று தெரியும்.

இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், வேண்டும். 2020-ல் கேல் அமைப்பும் மேற்கு மாநிலங்களின் உயர்கல்வி ஆணையமும் சேர்ந்து 72 கல்லூரிகளில், 2,30,000-க்கும் மேற்பட்ட வயதுவந்த மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இந்த வகைக் கிரெடிட் வாங்கியவர்களில் 49 சதவீதம் பேர் படிப்பை முடித்திருந்தார்கள். வாங்காதவர்களில் 27 சதவீதம் பேர்தான். ஊக்கம் உள்ளவர்கள்தானே விண்ணப்பம் போடுவார்கள் என்று கொஞ்சம் கழித்துப் பார்த்தாலும் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனால் பத்தில் ஒருவர்தான் அப்படி வாங்கியிருந்தார்.

முதலில் டிகிரியைத் தேர்ந்தெடுங்கள்

“எனக்கு எவ்வளவு கிரெடிட் கிடைக்கும்?” என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பட்டம் என்பதை முடிவு செய்துவிட்டு, அந்தப் பட்டத்தின் பாடப் பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். அசோசியேட் டிகிரி என்றால் சுமார் 60 கிரெடிட், பேச்சலர்ஸ் என்றால் 120. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: தெரியும், ஓரளவு தெரியும், தெரியாது. முதல் வகையில் விழுந்த பாடங்களுக்குத்தான் முயற்சி செய்ய வேண்டும்.

ஏன் இப்படி? உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும், அது போய் உட்கார உங்கள் பட்டத்தில் ஓர் இடம் வேண்டும். இடம் இல்லாத கிரெடிட், கல்லூரி தரும் மதிப்பெண் பதிவான டிரான்ஸ்கிரிப்ட்டில் அழகாக இருக்கும், ஒரு பாடத்தைக்கூடக் குறைக்காது. அட்வைசரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “கிடைக்குமா?” என்பது அல்ல. “கிடைத்தால் எந்தப் பாடத்துக்குப் பதிலாகப் போகும்?” என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்வைசர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: உச்சவரம்பு எவ்வளவு? பெரும்பாலான கல்லூரிகளில் பட்டத்தில் நாலில் ஒரு பங்கையாவது அவர்களிடமே படித்தாக வேண்டும். வயதுவந்தவர்களுக்கென்றே தொடங்கிய கல்லூரிகள் இதில் தாராளம். டிரெண்டனில் 1972-ல் தொடங்கிய தாமஸ் எடிசன் ஸ்டேட் பல்கலைக்கழகம், கனெக்டிகட்டில் 1973-ல் தொடங்கிய சார்ட்டர் ஓக், நியூயார்க்கில் 1971-ல் தொடங்கிய எம்பயர் ஸ்டேட், எக்செல்சியர் எல்லாம் இந்த ரகம். முன்பு ஐந்தாறு இடங்களில் துண்டு துண்டாகப் படித்தவர்களுக்கு இவை நல்ல இடம்.

கம்யூனிட்டி காலேஜில் ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்து வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள். தேர்வு எழுதி வாங்கிய கிரெடிட்டை எடுத்துக்கொள்ளும் பலர், போர்ட்ஃபோலியோவில் வந்ததைத் தொடமாட்டார்கள்.

சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்), நர்சிங் என்று உரிமம் சம்பந்தப்பட்ட துறை என்றால் கல்லூரி சரி என்றால் மட்டும் போதாது. உரிமம் கொடுக்கும் மாநில வாரியம் ஒப்புக்கொள்ளுமா என்பதும் முக்கியம். அவர்களிடம் கேட்காமல் ஒரு டாலர்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

ஊரில் படித்ததை விட்டுவிடாதீர்கள்

நம்மவர்களில் நிறையப் பேர் “எனக்கு டிகிரி கிடையாது” என்பார்கள். துருவிக் கேட்டால் பாலிடெக்னிக்கில் மூன்று வருட டிப்ளமோ முடித்திருப்பார்கள். அல்லது பி.காம்.-இல் நாலு அரியர் இருந்து, கல்யாணமாகி, அப்படியே விமானம் ஏறியிருப்பார்கள். முடிக்காத படிப்புக்கும் இங்கே மதிப்பு உண்டு. தேறிய பாடங்கள் தேறியவைதான். இதற்கு போர்ட்ஃபோலியோ எதுவும் வேண்டாம். பல்கலைக்கழகத்திலிருந்தோ, டிப்ளமோ என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திலிருந்தோ செமஸ்டர் வாரியான மதிப்பெண் பட்டியல்களையும் டிரான்ஸ்கிரிப்ட்டையும் வரவழைத்து, கல்லூரி ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுக்க வேண்டும். டபிள்யூஇஎஸ், ஈசிஇ இரண்டும் பலரும் போகும் இடங்கள். மதிப்பீடு கேட்கும்போது பாடவாரியாக என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். விலை குறைவாக இருக்கிறதே என்று பொதுவான அறிக்கையை வாங்கினால், எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்ற விவரமே அதில் இருக்காது.

ஊரிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர மாதக்கணக்கில் ஆகும். ஆகவே இதை முதலில் தொடங்கிவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். தம்பியோ மச்சானோ நேரில் போய் நின்றால் சீக்கிரம் நடக்கும் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

பிறகு தேர்வு, அப்புறம் சான்றிதழ்

தெரிந்த பாடத்துக்குத் தேர்வு இருந்தால் தேர்வையே எழுதுங்கள். போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு செமஸ்டர் பிடிக்கும்; தேர்வு ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். காலேஜ் போர்டு நடத்தும் கிளெப்தான் இதில் பிரபலம். 34 பாடங்கள் இருக்கின்றன. நிதிக் கணக்கியல், நிர்வாகம், வணிகச் சட்டம், சமூகவியல், கல்லூரி அல்ஜிப்ரா என்று பொதுப்பாடங்களே அதிகம். மதிப்பெண் 20 முதல் 80 வரை; பெரும்பாலான இடங்களில் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் உங்கள் கல்லூரி வேறு எண் வைத்திருக்கலாம். கட்டணம் நூறு டாலரை ஒட்டி; தேர்வு மையம் தனியாகக் கொஞ்சம் வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் இலவச வகுப்பை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரையும் அவர்களே தருகிறார்கள். தோற்றுவிட்டால் அதே பாடத்தை மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம், தோற்றது டிரான்ஸ்கிரிப்ட்டில் ஏறாது. கிளெப்பில் இல்லாத சில பாடங்கள் டிஎஸ்எஸ்டி என்ற தேர்வில் கிடைக்கும்.

தமிழுக்குக் கிளெப் கிடையாது. ஆனால் மொழிப் பாட இடத்தை நிரப்பத் தமிழே உதவும் வழி ஒன்று இருக்கிறது. ஆக்ட்ஃபுல் அமைப்பு நடத்தும் வாய்மொழித் தேர்வில் தமிழும் உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசியில் பதினைந்திலிருந்து முப்பது நிமிடம் உங்களோடு தமிழில் பேசித் தரத்தைச் சொல்வார். தாய்மொழிதானே என்று அசட்டையாகப் போகாதீர்கள். “சாப்பிட்டேன், தூங்கினேன்” என்ற அளவில் பதில் சொன்னால் கீழ்நிலையில் நிறுத்திவிடுவார்கள். ஒரு விஷயத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லி, அதற்குக் காரணம் காட்டி, இப்படி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பேசும்போதுதான் மேல்தரம் கிடைக்கும். நடுநடுவே ஆங்கிலத்தைக் கலந்தே பேசிப் பழகியவர்கள் ஒரு வாரம் வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகலாம். சில கல்லூரிகள் தாய்மொழிக்குக் கிரெடிட் தருவதில்லை என்பதால் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சான்றிதழ்கள். அமெரிக்கக் கல்விக் கவுன்சில், அதாவது ஏசிஇ, வெளியில் நடக்கும் பயிற்சிகளையும் சான்றிதழ்களையும் ஆராய்ந்து, இதற்கு இத்தனை கிரெடிட் கொடுக்கலாம் என்று பரிந்துரை செய்கிறது. 1940-களில் படைவீரர்களின் பயிற்சியை மதிப்பிட ஆரம்பித்தவர்கள் இன்று கூகுளின் ஐடி சப்போர்ட் சான்றிதழ் வரை வந்திருக்கிறார்கள். உங்கள் சான்றிதழின் பெயரை அவர்களுடைய தேசிய வழிகாட்டியில் தேடிப் பாருங்கள். பரிந்துரை என்பது பரிந்துரைதான், கல்லூரி அதை ஏற்கலாம், விடலாம். ஏசிஇ பட்டியலைப் பார்க்காமல் கல்லூரிகளே நேரடியாக ஏற்பதும் உண்டு. வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்துபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, குழந்தைப் பராமரிப்பாளர்களுக்கான சிடிஏ சான்றிதழ். 120 மணி நேர வகுப்பும் 480 மணி நேர அனுபவமும் காட்டி அதை வாங்கிவிட்டால், பல கம்யூனிட்டி காலேஜ்களில் குழந்தைக் கல்விப் பாடங்களுக்கு நேராகக் கிரெடிட் ஆகிவிடும். உட்கார்ந்து போர்ட்ஃபோலியோ எழுதுவதைவிட இது சுலபம்.

இத்தனையும் முடிந்த பிறகு மிஞ்சும் பாடங்களுக்குத்தான் போர்ட்ஃபோலியோ. நேராக இங்கே வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

போர்ட்ஃபோலியோ: நாங்கள் எதைப் படிக்கிறோம்

போர்ட்ஃபோலியோவை ஒரு பாடத்துக்கு ஒன்று என்று தயாரிக்க வேண்டும். மூன்று பகுதி இருக்கும்: என்ன தெரியும் என்று விளக்கும் கட்டுரை, அதற்கான ஆதாரங்கள், எந்த ஆதாரம் எதை நிரூபிக்கிறது என்ற அட்டவணை. சில கல்லூரிகள் இதை எழுதக் கற்றுத்தரவே ஒரு சின்ன வகுப்பு வைத்திருக்கின்றன. இருந்தால் சேர்ந்துவிடுங்கள், அதற்கே கிரெடிட் தருவதும் உண்டு.

எழுத ஆரம்பிக்கும் முன் அந்தப் பாடத்தின் சிலபஸை வாங்குங்கள். அதில் “இந்தப் பாடத்தை முடிப்பவர் இவற்றைச் செய்யத் தெரிந்தவராக இருப்பார்” என்று ஆறு, ஏழு வரி இருக்கும். அந்த வரிகள்தான் வினாத்தாள். ஒவ்வொரு வரிக்கும் உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆறில் நாலுக்குப் பதில் இருந்தால் மீதி இரண்டைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை. எங்கே, எப்படிக் கற்றீர்கள் என்பதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். இந்திய மளிகைக் கடை ஒன்றை நிர்வகித்த ஒருவர், ஆரம்பநிலை அக்கவுண்டிங் பாடத்துக்குக் கேட்டிருந்தார். முதல் வரைவில் இருந்தது இதுதான்: “பல வருடமாகக் கடையின் கணக்கு முழுவதும் என் பொறுப்பு. முதலாளி என்னை முழுமையாக நம்பினார். ஒரு சென்ட்கூடத் தவறியதில்லை. கடின உழைப்பின் அருமையைக் கற்றுக்கொண்டேன்.”

நல்ல மனிதர் என்று தெரிகிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு என்னால் ஒரு கிரெடிட்கூடத் தர முடியாது. சிலபஸில் ஒரு வரி இருக்கிறது, வங்கிக் கணக்கைச் சரிபார்த்து வேறுபாட்டை விளக்க வேண்டும் என்று. அவர் மாதாமாதம் செய்த வேலை அது. அதை அவர் எழுதவே இல்லை, அதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்துவிட்டார். அட்வைசரோடு உட்கார்ந்து மறுபடி எழுதிய பிறகு அதே பகுதி இப்படி வந்தது. “கார்டில் ஆயிரம் டாலர் விற்பனை நடந்தால் வங்கியில் 975 டாலர்தான் வந்து விழும், அதுவும் இரண்டு நாள் கழித்து. கார்டு நிறுவனம் தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. முன்பிருந்தவர் விற்பனையையே 975 என்று எழுதிவந்தார். நான் விற்பனையை ஆயிரம் என்றும், பிடித்த 25 டாலரைச் செலவு என்றும் பிரித்து எழுதினேன். அப்படிச் செய்தால்தான் கார்டுக்காக வருடம் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரியும், வேறு கம்பெனியிடம் பேரம் பேச முடியும்.”

இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து விற்பனை வரிக்கு வந்தார். நியூஜெர்சியில் 6.625 சதவீதம். அரிசி, பருப்புக்கு வரி இல்லை. மிட்டாய்க்கும் குளிர்பானத்துக்கும் உண்டு. வசூலான வரி கடையின் வருமானம் இல்லை, மாநிலத்துக்குக் கொடுக்க வேண்டிய கடன். ஆகவே அதைத் தனிக் கணக்கில் ஏற்றி, காலாண்டுப் படிவம் போகும்போது கழிப்போம் என்று எழுதி, பெயர்களை மறைத்த குவிக்புக்ஸ் கணக்கு மென்பொருளின் பக்கத்தையும் இணைத்திருந்தார். கணக்கியலில் பொறுப்பு (லயபிலிட்டி) என்றால் என்ன என்று பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை நாலு வரியில் சொல்லிவிட்டார்.

எல்லாமே இப்படி இருக்கவில்லை. நேர்காணலில் கேட்டேன்: “எட்டாயிரம் டாலருக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கியிருக்கிறீர்கள். அதை எப்படி எழுதினீர்கள்?” “அதை சிபிஏ பார்த்துக்குவார் மேடம்.” தேய்மானம் என்ற விஷயமே அவர் கைக்கு வந்ததில்லை. அதற்காக முழுவதையும் தள்ளிவிடவில்லை. புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைப் படித்து, அதே பெட்டிக்குத் தேய்மானம் போட்டு, துணை அறிக்கையாக அனுப்பச் சொன்னேன். அனுப்பினார், மூன்று கிரெடிட் கிடைத்தது. அதற்கு அடுத்த நிலையான மேலாண்மைக் கணக்கியலுக்கும் கேட்டிருந்தார். அதற்கு இல்லை என்று எழுதிவிட்டேன். ஒரு பொருளின் அடக்க விலையைப் பிரித்துப் பார்த்ததற்கான தடயம் எதுவும் அவரிடம் இல்லை.

கவனித்தீர்களா? என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன், வேறு விதமாகச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும். இந்த மூன்றும் இருக்கும் பத்தியைத்தான் நாங்கள் தேடுகிறோம். “ஏன்” இல்லாத பத்தி வேலைப் பட்டியல். பாராட்டும் உணர்ச்சியும் மட்டும் இருக்கும் பத்தியைத் தாண்டிப் போய்விடுவோம். நம் பழக்கம் இரண்டு விதத்தில் இடிக்கிறது. செய்த வேலையைச் சொல்லக் கூச்சப்பட்டு “சும்மா கணக்குதான் எழுதினேன்” என்று குறைத்துவிடுகிறோம். குணத்தைச் சொல்லும் இடம் வந்தால் நேர்மை, விசுவாசம், உழைப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். எங்களுக்கு வேண்டியது அப்படியே தலைகீழ்.

சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதிவாங்கி வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும். எழுதியவருக்கு அந்தக் கடையைத் தெரியாது, குளிர்சாதனப் பெட்டியைத் தெரியாது. நேர்காணலில் நாங்கள் கேட்பது அவற்றைப் பற்றித்தான். ஆங்கிலம் தடுமாறுகிறது என்றால் கல்லூரியின் எழுத்து மையத்தில் இலவசமாக உதவுவார்கள். அக்கவுண்டிங் போர்ட்ஃபோலியோவில் இலக்கணப் பிழைக்காக நான் கிரெடிட்டைக் குறைப்பதில்லை.

கடிதமும் ஆதாரமும்

நம் ஊர் அனுபவச் சான்றிதழை எல்லாருக்கும் தெரியும். இன்னார் எங்கள் நிறுவனத்தில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணிபுரிந்தார், அவருடைய நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். இது நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். எங்களுக்கு வேண்டிய கடிதத்தில் எழுதுபவருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு, அவர் எதை நேரில் பார்த்தார், நீங்கள் எந்த வேலையைத் தனியாகச் செய்தீர்கள், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் என்ன முடிவு எடுத்தீர்கள் என்று இருக்க வேண்டும். முதலாளிக்கு இதையெல்லாம் யோசித்து எழுத நேரம் இருக்காது. சிலபஸின் அந்த ஆறு வரிகளைக் கொடுத்து, “இதில் நான் செய்து நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்” என்று கேளுங்கள். கடிதத்தாளில், கையெழுத்தோடு, தொடர்பு எண்ணோடு. பல கல்லூரிகள் அதை அவர்களே நேராக அனுப்ப வேண்டும் என்று சொல்லும்.

ஊரில் பார்த்த வேலைக்கு ஆதாரம் கேட்டால் திகைக்க வேண்டாம். நிறுவனம் மூடியிருந்தாலும் கூட வேலை பார்த்த மூத்தவர் யாராவது இருப்பார், பிஎஃப் பதிவு இருக்கும், நீங்கள் தயாரித்த அறிக்கை ஒன்றாவது பழைய மின்னஞ்சலில் கிடக்கும். தமிழில் இருக்கும் ஆவணத்துக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அதை நீங்களே செய்யக் கூடாது, பெரும்பாலும் வீட்டு ஆட்கள் செய்வதையும் ஏற்கமாட்டார்கள். வாடிக்கையாளர் பெயர், சமூகப் பாதுகாப்பு எண், மற்றவர்களின் சம்பளம் எல்லாவற்றையும் கறுப்படித்து மறைத்துவிட்டு அனுப்புங்கள். இதைச் செய்யாமல் முழு ஊதியப் பட்டியலையும் அப்படியே அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். நிர்வாகப் பாடத்துக்குக் கிரெடிட் கேட்டு இப்படி அனுப்பினால் நாங்கள் என்ன நினைப்போம், நீங்களே சொல்லுங்கள்.

ஆதாரம் நிறைய இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். நாற்பது இன்வாய்ஸ் வேண்டாம், ஒன்று போதும். எது எதை நிரூபிக்கிறது என்று பக்கத்தில் குறித்திருந்தால் படிப்பவர் உங்களை வாழ்த்துவார்.

பணமும் விசாவும்

போர்ட்ஃபோலியோவைப் பார்க்கக் கல்லூரி கட்டணம் வாங்கும். வகுப்புக் கட்டணத்தைவிட அது கணிசமாகக் குறைவாகவே இருக்கும். சில இடங்களில் கிரெடிட் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரே கட்டணம். சில இடங்களில் கிடைத்த பிறகு கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று தனியாகவும் உண்டு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பெல் கிராண்ட் போன்ற அரசு உதவி பொதுவாக இதற்குக் கிடைக்காது. இப்படி வாங்கும் கிரெடிட், அந்த செமஸ்டரில் நீங்கள் முழுநேர மாணவரா என்ற கணக்கிலும் சேராது. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்ஃபோலியோவில் ஆறு கிரெடிட் வரப்போகிறதே என்று வகுப்பைக் குறைத்துக்கொண்டால் விசா சிக்கலில் மாட்டுவீர்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. “உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்கு முழு டிகிரி, இரண்டு வாரத்தில் வீட்டுக்கே வரும்” என்று யாராவது சொன்னால் அது மோசடி. ஒரு சிலபஸோ ஆதாரமோ நேர்காணலோ இல்லாமல், விண்ணப்பத்தைப் பார்த்தே மொத்தப் பட்டத்தையும் தருவது எந்த உண்மையான கல்லூரியிலும் கிடையாது. 2015-ல் கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான போலிப் பல்கலைக்கழக இணையதளங்களை வைத்து உலகம் முழுக்கப் பட்டம் விற்றது அம்பலமானது. அமெரிக்கப் பெயர், அமெரிக்கத் தொலைபேசி எண், சிரிக்கும் மாணவர் படங்கள் எல்லாம் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட பட்டத்தை விசா விண்ணப்பத்திலோ வேலை விண்ணப்பத்திலோ போட்டால் பணம் போவதோடு முடியாது. கல்லூரியின் பெயரை அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரத் தரவுத்தளத்தில் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் பெயரும் அதே தளத்தில் இருக்க வேண்டும். அங்கீகார அமைப்பையே போலியாக உருவாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு.

முடிவு வந்த பிறகு

மறுத்துவிட்டால் மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்தக் கற்றல் வரிக்கு ஆதாரம் போதவில்லை என்று அதில் இருக்கும். ஒன்றிரண்டு வரிதான் என்றால் துணை அறிக்கை ஏற்பீர்களா என்று கேளுங்கள். பாதிக்கு மேல் என்றால் மேல்முறையீட்டில் நேரத்தை வீணாக்காமல், அந்தத் துறையே நடத்தும் சேலஞ்ச் தேர்வு இருக்கிறதா என்று விசாரியுங்கள், இல்லாவிட்டால் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். பாதி தெரிந்த பாடத்தில் நல்ல கிரேடு எடுப்பதும் லாபம்தான். போர்ட்ஃபோலியோ கிரெடிட்டுக்குப் பெரும்பாலும் கிரேடு கிடையாது, கிரேடுகளின் சராசரியான ஜிபிஏயை அது உயர்த்தாது.

ஒப்புதல் கிடைத்துவிட்டால் அந்த மின்னஞ்சலோடு நிம்மதியாகிவிடாதீர்கள். கிரெடிட் டிரான்ஸ்கிரிப்ட்டில் ஏற ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் ஒருவர் கையால் பதிய வேண்டும், அது வாரக்கணக்கில் தேங்கும். அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யும் முன் எந்தப் பாடம் முடிந்தது, எது பாக்கி என்று காட்டும் உங்கள் டிகிரி ஆடிட் பக்கத்தைத் திறந்து, அந்த மூன்று கிரெடிட் அக்கவுண்டிங் பாடத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கிறதா, அல்லது கீழே பொது எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்ற குவியலில் விழுந்துகிடக்கிறதா என்று பாருங்கள். குவியலில் கிடந்தால், அட்வைசர் முன்பு அனுப்பிய அந்த மின்னஞ்சலை இணைத்து, திருத்தச் சொல்லி எழுதுங்கள்.